கொரோனா வைரஸ் செல்லுக்குள் பெருக எந்த ஜீன்கள் கட்டாயம், எவற்றை வெட்டினாலும் ஓடும்?

அல்சூர்_கதிர்

சனிக்கிழமை பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகம் பக்கம் நடக்கும் நம்ம தமிழ் ஜர்னல் கிளப்புக்கு ஒரே ஒரு ஸ்லைடு பாக்கி. சார்ஸ்-கோவ்-2-க்குப் பெருகக் குறைந்தபட்சம் எந்த ஜீன்கள் வேண்டும் என்று அதில் போடணும். மூன்று கட்சி இருக்கு. நகலெடுக்கும் புரதங்களைத் தரும் ஓஆர்எஃப்1ஏபி என்ற நீண்ட ஜீன் மட்டும் போதும்னு ஒருவர். கூடவே ஆர்என்ஏவைப் பிடித்துச் சுருட்டும் புரதத்துக்கான என் (N) ஜீனும் வேணும்னு இன்னொருவர். உறைப் புரதத்துக்கான இ (E) ஜீன் இல்லாமல் வைரஸே கிடையாதுன்னு மூன்றாமவர். மூணு பேருமே பேப்பர் காட்டுறாங்க.

இன்னொரு சந்தேகம்: ஓஆர்எஃப்1ஏபி தரும் நீளமான பாலிபுரதம் வெட்டப்பட்டு வரும் 16 என்எஸ்பி புரதங்களும் கட்டாயமா, இல்லை சிலது சும்மா ஒட்டிக்கொண்டு வருதா?

ஹெப்பால்_நந்தினி

மூணு பேரும் வெவ்வேறு சோதனையின் முடிவைச் சொல்றாங்க கதிர், சண்டையே அதனால்தான். ஸ்லைடில் முதலில் எதை அளந்தார்கள் என்று எழுதுங்க.

ஒரு செல்லுக்குள் வைரஸ் ஆர்என்ஏ நகலாகிறதா என்பது ஒரு அளவு. அந்தச் செல்லிலிருந்து தொற்றக்கூடிய துகள் வெளியே வந்து அடுத்த செல்லைப் பிடிக்கிறதா என்பது இரண்டாவது. எலியிலோ மனிதனிலோ இன்டர்ஃபெரான் போன்ற உடலின் வைரஸ் எதிர்ப்பு எல்லாம் வேலை செய்யும்போதும் தாக்குப்பிடிக்கிறதா என்பது மூன்றாவது. முதல் அளவுக்குத் துகளின் வெளிப்புறப் புரதங்களான ஸ்பைக், எம் (M), இ மூன்றுமே வேண்டாம். இரண்டாவதுக்கு ஸ்பைக்கும் எம்மும் கட்டாயம். இ பற்றிக் கீழே யாராவது எழுதுவாங்க. மூன்றாவதுக்கு வந்தால்தான் ஓஆர்எஃப்6, என்எஸ்பி15, என்எஸ்பி16 போன்றவற்றின் மதிப்பே தெரியும்.

மரபணுத்தொகுதி 29,903 எழுத்து. அதில் 266-லிருந்து 21,555 வரை ஓஆர்எஃப்1ஏபி, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. நகலெடுக்கும் இயந்திரம் மொத்தமும் அங்கேதான் இருக்கு. அதைத் தாண்டி வருவது ஸ்பைக், 3ஏ, இ, எம், 6, 7ஏ, 7பி, 8, என். கடைசியில் ஓஆர்எஃப்10 என்று படங்களில் போடுவாங்க. அதற்கென்று தனி துணை ஆர்என்ஏ (ஓஆர்எஃப்1ஏபி-க்கு அப்பாலுள்ள ஜீன்களைப் புரதமாக்க வைரஸ் எடுக்கும் குட்டை நகல்) உருவாவதற்குச் சரியான ஆதாரம் கிடையாது, ஸ்லைடில் விட்டுடலாம்.

ஜீன் பட்டியலில் சேராத ஒன்றையும் மறக்காதீங்க: இரண்டு முனைகள். 5' முனையில் முதல் புரதத்துக்கு முன்னால் இருக்கும் 265 எழுத்தின் தண்டு-வளைய மடிப்புகள், 3' முனையின் மடிப்பும் பாலி-ஏ வாலும். இவை புரதம் எதையும் தருவதில்லை. ஆனால் இவை இல்லையென்றால் நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நிற்கும்.

புரதப்பித்தன்

16-ம் கட்டாயமா என்ற கேள்விக்கு என் பங்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

உயிர்நாடியான கூட்டம் என்எஸ்பி12, 7, 8. 12 தான் பாலிமரேஸ், 932 அமினோ அமிலம். தனியாக வைத்தால் ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு 7, இரண்டு 8 வந்து பிடித்தால்தான் ஆர்என்ஏ இழையை விடாமல் ஓட்டும். முன்னால் மடிப்பைப் பிரித்துக்கொண்டே போக என்எஸ்பி13 ஹெலிகேஸ். என்எஸ்பி9-ஐ வெறும் ஆர்என்ஏ பிடிக்கும் புரதம் என்று ரொம்ப நாள் பாடத்தில் எழுதினார்கள். பிறகுதான் அதன் உண்மையான வேலை தெரிந்தது. என்எஸ்பி12-இல் நிரான் என்று பெயரிட்ட பகுதி புது ஆர்என்ஏவின் 5' முனையை என்எஸ்பி9-இன் தொடக்கத்தில் ஒட்டுகிறது, பிறகு அங்கிருந்து ஜிடிபி மேல் மாற்றி வைக்கிறது. ஆர்என்ஏவின் முனையைக் காக்கும் தொப்பி போடும் வேலையின் முதல் பாதி அது. அடுத்து என்எஸ்பி14 ஒரு மெத்தில் போடும், என்எஸ்பி16 இன்னொன்று போடும். இருவருக்கும் துணை என்எஸ்பி10.

எலிகளின் கொரோனா வைரஸான எலி ஹெப்படைடிஸ் வைரஸில் 7, 8, 9, 10 நான்கையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். நான்குமே சாவு. அதே பேப்பரில் 9-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும் வெட்டுமிடத்தை மட்டும் கெடுத்தபோது வைரஸ் பலவீனமாக, ஆனால் உயிரோடு வந்தது. ஒரு புரதம் தேவை என்பதும் அது தனியாகப் பிரிந்தே ஆக வேண்டும் என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

வெட்டுபவர்கள் இருவர். என்எஸ்பி3-க்குள் இருக்கும் பிஎல்ப்ரோ மூன்று இடம் வெட்டும், என்எஸ்பி5 ஆன எம்ப்ரோ பதினோரு இடம். இரண்டில் எது நின்றாலும் நீளமான பாலிபுரதம் அப்படியே கிடக்கும், இயந்திரம் உருவாகாது.

அப்புறம் இடம் தயார் செய்பவர்கள், என்எஸ்பி3, 4, 6. என்எஸ்பி3 தான் இருப்பதிலேயே பெரியது, 1,945 அமினோ அமிலம். 3-ம் 4-ம் சேர்ந்தாலே இரட்டைச் சவ்வுப் பைகள் உருவாகும். நகலாக்கம் நடப்பது அதற்குள்ளே. ஆர்என்ஏ வெளியேறும் துளையும் என்எஸ்பி3-ஐ வைத்தே கட்டப்பட்டது என்பதை 2020-இல் படம் பிடித்துக் காட்டினார்கள். 6-க்கு அந்தப் பைகளை எண்டோபிளாஸ்மிக் வலையோடு இணைக்கும் வேலை. அது ஓரளவு அடி தாங்கும். ஆல்ஃபா, பீட்டா, காமா திரிபுகள் மூன்றிலும் 106 முதல் 108 வரை மூன்று அமினோ அமிலம் போயே போய்விட்டது, வைரஸ் உலகம் சுற்றி வந்தது.

மீதி: என்எஸ்பி1, 2, 11, 15. 11 என்பது 13 அமினோ அமிலத் துணுக்கு, அதற்கு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. 2-ஐ எலி வைரஸிலும் 2003 சார்ஸிலும் முழுசாகவே எடுத்துப் பார்த்தார்கள், வளர்ச்சி குறைந்தது, அவ்வளவுதான். 1 ரைபோசோமின் 40எஸ் துண்டில் எம்ஆர்என்ஏ நுழையும் வழியை அடைத்து நம் செல்லின் புரத உற்பத்தியை நிறுத்தும். நோய்க்கு அது பெரிய விஷயம், ஆனால் நகலாக்கத்துக்கு அடிப்படை கிடையாது. கோழிகளைத் தாக்கும் காமா பிரிவுக் கொரோனா வைரஸ்களுக்கு என்எஸ்பி1 என்று ஒன்றே இல்லை. இந்த ஒரு வரியை ஸ்லைடில் போட்டால் கேள்வி நேரம் மிச்சம்.

ஜெயநகர்_மீனாட்சி

நல்ல பட்டியல். ஆனால் என்எஸ்பி14-ஐ இரண்டாகப் பிரித்துச் சொல்லணும் சார். ஒரே புரதத்தில் இரண்டு நொதி. மெத்தில் போடும் பாதி தொப்பிக்கு. இன்னொரு பாதி பிழை திருத்தும் எக்சோநியூக்ளியேஸ்.

இந்தத் திருத்தும் பாதியை முடக்கினால் என்ன ஆகும் என்பது வைரஸுக்கு வைரஸ் மாறுது. எலி வைரஸும் 2003 சார்ஸும் பிழைத்துக்கொண்டன. மாற்றங்கள் மட்டும் 15-20 மடங்கு கூடின. அதைப் பார்த்து, திருத்தும் நொதி தரத்துக்குத்தான், உயிருக்கு இல்லை என்று பல வருஷம் பாடம் எடுத்தாங்க. மெர்ஸிலும் சார்ஸ்-கோவ்-2-விலும் அதே மாற்றத்தை வைத்தபோது வைரஸே எழவில்லை, அது 2020-இல் வெளிவந்த வேலை. சளி பிடிக்க வைக்கும் கொரோனா வைரஸான 229இ-யிலும் அப்படித்தான், அது அதற்கும் முன்னாலேயே தெரியும். சார்ஸும் சார்ஸ்-கோவ்-2-வும் எவ்வளவு நெருங்கிய சொந்தம்! இருந்தும் விடை எதிரெதிர். அதனால் ஸ்லைடில் "கொரோனா வைரஸுக்கு" என்று பொதுவாகப் போடாதீங்க கதிர், ஒவ்வொரு வரிக்கும் எந்த வைரஸில் பார்த்தது என்று ஓரத்தில் பேர் போடுங்க.

மருந்து பக்கமும் இது முக்கியம். ரைபவிரின் ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு இந்தத் திருத்தும் நொதி ஒரு பெரிய காரணம். ரெம்டெசிவிர் நுழைந்தவுடன் இழையை நிறுத்துவதில்லை, இன்னும் மூன்று எழுத்து சேர்ந்த பிறகுதான் பாலிமரேஸ் திணறுது. மால்னுபிராவிர் நிறுத்துவதே இல்லை, தவறான எழுத்துகளைக் குவித்துக் கெடுக்குது.

அல்சூர்_கதிர்

மேடம், வைரஸ் பேரை ஓரத்தில் போடுறது நல்ல யோசனை, போட்டுடறேன். என் ஜீன் விஷயம் மட்டும் இன்னும் தெளியலை. ரெப்ளிகேஸ், அதாவது ஓஆர்எஃப்1ஏபி புரதங்கள், மட்டுமே போதும்னு 2001-லேயே காட்டியாச்சுன்னு ஒரு நண்பர் அடிச்சுச் சொல்றார்.

ஹெப்பால்_நந்தினி

அந்த 2001 வேலை 229இ-யில். அதில் காட்டியது, ரெப்ளிகேஸ் புரதங்கள் மட்டும் இருந்தால் துணை ஆர்என்ஏ உருவாகும் என்பது. உருவாகுது, உண்மை. எவ்வளவு என்பதுதான் வேறு கதை. அடுத்த சில வருஷத்தில் பன்றி வைரஸான டிஜிஇவி-யிலும், 229இ-யிலும் என் புரதத்தோடும் இல்லாமலும் ஒப்பிட்டபோது, அது இல்லாத பக்கம் பெரும்பாலும் பின்னணி அளவுக்கே நின்றது.

காரணமும் ஓரளவு தெரியும். எலி வைரஸில் என் புரதம் என்எஸ்பி3-இன் முன்பகுதியோடு நேரடியாகப் பிடித்துக்கொள்வது காட்டப்பட்டிருக்கு. புதிதாக நுழைந்த மரபணுத்தொகுதியை நகலாகும் இடத்தோடு சேர்த்துவைக்க அது உதவுதுன்னு எடுத்துக்கலாம். அதனால்தான் துகள் எதுவும் உருவாகாமல் தானே நகலாகும் ஆர்என்ஏவான ரெப்ளிகான் கட்டுபவர்கள் ஸ்பைக், எம், இ மூன்றையும் எடுத்துவிட்டு என்-ஐ மட்டும் விட்டுவைக்கிறாங்க, அல்லது தனியாகக் கொடுக்கிறாங்க.

ஸ்லைடுக்கு என் வாக்கு: ஓஆர்எஃப்1ஏபி, இரண்டு முனைகள், அவற்றோடு என். அடியில் சின்ன எழுத்தில், என் இல்லாமலும் மங்கலாக நடக்கும், 229இ என்று போடுங்க.

ரெப்ளிகான் முடிவு எதைப் படித்தாலும் ஒரு கட்டுப்பாட்டைத் தேடுங்க. என்எஸ்பி12-இன் செயல்மையத்தில் 759 முதல் 761 வரை செரின், அஸ்பார்டிக், அஸ்பார்டிக் இருக்கு. அஸ்பார்டிக் இரண்டையும் அலனின் ஆக்கிய செத்த பாலிமரேஸ் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கணும். உள்ளே செலுத்திய ஆர்என்ஏவே நேரடியாகப் புரதமாகிச் சிக்னல் தரும், அதை நகலாக்கம்னு எண்ணிடக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு இல்லாத பார் கிராஃப் எனக்கு வெறும் கலர்தான்.

எம்ஜிரோடு_பாலா

புரதம் எடுத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்எஸ்பி12-ஐ வைரஸ் ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகலான சிடிஎன்ஏவிலிருந்து நேராகப் பெருக்கி வெக்டரில் போட்டால் ஜெல்லில் ஒன்றுமே தெரியாது. சீக்வென்ஸ் பார்த்தால் ஒரு எழுத்துகூடத் தப்பாக இருக்காது, அதுதான் குழப்பும்.

என்எஸ்பி12-இன் முதல் ஒன்பது அமினோ அமிலம் ஓஆர்எஃப்1ஏ சட்டத்தில் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசையில்) இருக்கு. அதற்குப் பிறகு யு-யு-யு-ஏ-ஏ-ஏ-சி என்ற வழுக்கும் இடத்தில் ரைபோசோம் ஒரு எழுத்து பின்னால் சரிந்து 1பி சட்டத்துக்குப் போகணும். 13,468-ஆம் எழுத்து இரண்டு முறை படிக்கப்படுது. ஈ.கோலை பாக்டீரியாவில் அந்தச் சரிவை நம்பி உட்கார முடியாது. சரியாமல் நேராகப் போனால் 13 அமினோ அமிலத்தில் நிறுத்தக் குறியீடு வரும், உங்களுக்குக் கிடைப்பது என்எஸ்பி11. தீர்வு சுலபம்: அந்த இடத்தில் ஒரு சி-ஐ கூடுதலாக வைத்து சட்டத்தை நேராக்கி வடிவமைக்கணும். ஜீன் சின்தஸிஸ் ஆர்டர் கொடுத்தால் நியூக்ளியோடைடு வரிசையை அனுப்பாதீங்க, 932 அமினோ அமில வரிசையை அனுப்புங்க.

செல்லுக்குள் இந்தச் சரிவு எத்தனை தடவை நடக்குது என்பதற்கு அளக்கும் முறையைப் பொறுத்து 20 முதல் 70 சதவீதம் வரை சொல்றாங்க. அந்த விகிதம் கெட்டாலே வைரஸுக்கு அடி, அதனால் அங்கிருக்கும் சூடோநாட் என்ற ஆர்என்ஏ முடிச்சு மடிப்பையும் கட்டாயப் பட்டியலில் சேர்க்கலாம்.

சுத்திகரிப்பில்: பாலிமரேஸில் இரண்டு துத்தநாகம் பிடிக்கும் இடங்கள் உண்டு. பழக்கதோஷத்தில் பஃபரில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ ஊற்றினால் செயல்பாடு போயிடும். அந்த இடங்களில் செல்லுக்குள் இரும்பு-கந்தகக் கொத்து இருப்பதாக 2021-இல் ஒரு வேலை வந்தது, காற்றில் வைத்துச் சுத்திகரிக்கும்போது அது உதிர்ந்துவிடும். செயல்பாடு ஒரு தடவைக்கு ஒரு தடவை மாறினால் அங்கேயும் பாருங்க. 7-ஐயும் 8-ஐயும் 12-ஐவிடச் சில மடங்கு அதிகமாகவே போடுங்க, ஒன்றுக்கு ஒன்று என்று கலந்துவிட்டு வேலை செய்யலைன்னு புலம்பக்கூடாது. சின்னச் சின்னக் குப்பியில் பிரித்து மைனஸ் 80-இல் வைங்க. மழைக்காலத்து கரண்ட் கட்டில் உருகி உறைந்த குப்பியை நம்பவே வேண்டாம்.

புரதப்பித்தன்

பாலா சொன்னதோடு எம்ப்ரோவையும் சேர்த்துக்கொள்கிறேன். 306 அமினோ அமிலம், இரண்டு சேர்ந்து ஜோடியானால்தான் வெட்டும். ஜோடி சேர்வதில் முதல் சில அமினோ அமிலங்களுக்குப் பங்கு உண்டு. முன்முனையில் சுத்திகரிப்புக்காக ஒட்டும் ஹிஸ்டிடின் டேகின் மிச்சம் இரண்டு அமினோ அமிலம் ஒட்டியிருந்தாலே செயல்பாடு பல மடங்கு விழும். அதனால் முன்முனைக்கு முன்னால் எம்ப்ரோவின் சொந்த வெட்டுமிடத்தையே வைத்தால் அது தானே வெட்டிக்கொண்டு சுத்தமான முனையோடு வரும். டேகைப் பின்முனையில் வைத்து வேறு புரோட்டியேஸால் நீக்கலாம்.

தடுப்பான் தேடுபவர்கள் பஃபரில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி போட மறந்தால், செயல்மையத்தின் 145-ஆம் சிஸ்டீனைத் தற்செயலாக ஆக்சிஜனேற்றும் மூலக்கூறெல்லாம் அற்புத மருந்து மாதிரி தெரியும். 1 மில்லிமோலார் டிடிடி போட்டுத் திரும்பப் பாருங்கள், பாதி ஹிட் காணாமல் போகும்.

ஜெயநகர்_மீனாட்சி

செல்லில் மருந்து பார்ப்பவங்களுக்கும் ஒன்று. வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லில் வரும் எண்ணை அப்படியே நம்பாதீங்க. ரெம்டெசிவிரை அந்தச் செல் சரியாகச் செயல்வடிவத்துக்கு மாற்றாது, எம்ப்ரோவைத் தடுக்கும் நிர்மாட்ரெல்விரை பி-ஜிபி பம்ப் வெளியே தள்ளிவிடும். பம்பைத் தடுக்கும் சேர்மம் கூடவே போடணும், இல்லாட்டி காலு-3 போன்ற நுரையீரல் செல்லில் பார்க்கணும். இதே வீரோவில் இன்டர்ஃபெரான் டைப் 1 ஜீன்களே இல்லை. அதனால் என்எஸ்பி16-ஐ முடக்கிய வைரஸ் அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி வளரும். என்எஸ்பி15-ம் அப்படித்தான், மேக்ரோஃபேஜில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தள்ளாட்டம் தெரியும். தேவையில்லாத ஜீன் என்று எழுதுவதற்கு முன் எந்தச் செல் என்று பாருங்க.

யெலஹங்கா_சுதா

பிசிஆர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஒரே சாம்பிளில் என் ஜீன் சி.டி. (சிக்னல் தெரியத் தேவையான பிசிஆர் சுற்று, குறைந்தால் ஆர்என்ஏ அதிகம்) 22, ஓஆர்எஃப்1ஏபி சி.டி. 26 வருது. ஓஆர்எஃப்1 தானே கட்டாய ஜீன், அதன் ஆர்என்ஏ ஏன் குறைவு?

ஹெப்பால்_நந்தினி

கட்டாயம் என்பதற்கும் நகல் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை சுதா. துணை ஆர்என்ஏக்கள் எல்லாமே 3' முனையைப் பகிர்ந்துகொள்பவை. என் ஜீன் வரிசை முழு மரபணுத்தொகுதியிலும் இருக்கு, ஸ்பைக்கின் துணை ஆர்என்ஏவிலும் இருக்கு, 3ஏ-யுடையதிலும், இப்படி எல்லாவற்றிலும் இருக்கு. ஓஆர்எஃப்1ஏபி வரிசை முழு நீள ஆர்என்ஏவில் மட்டும். அதனால் தொற்றிய செல்கள் நிறைய இருக்கும் மாதிரியில் என் முந்திக்கொள்ளும். வெறும் துகள் மட்டும் உள்ள திரவத்தில் இரண்டும் நெருங்கி வரணும்.

ஆனால் 22, 26 என்பதை மட்டும் வைத்து 16 மடங்கு என்று கணக்குப் போடாதீங்க. இரண்டு பிரைமர் ஜோடிக்கும் திறன் வேறாக இருக்கலாம். பத்து மடங்கு பத்து மடங்காக நீர்த்து ஸ்டாண்டர்டு கர்வ் போடுங்க, சரிவு மைனஸ் 3.32 என்றால் நூறு சதவீதம், மைனஸ் 3.1-க்கும் 3.6-க்கும் நடுவில் ஏற்கலாம். அதற்கு வெளியே போனால் ஒப்பீடே வேண்டாம்.

எம்ஜிரோடு_பாலா

ஓஆர்எஃப்1 மட்டும் ரொம்ப மோசமாக வந்தால் பிரைமரையும் சந்தேகப்படணும். 2020 ஜனவரியில் பெர்லினிலிருந்து வந்த ஆர்டிஆர்பி (பாலிமரேஸ் ஜீன்) பிரைமரில் ஒரு எழுத்துப் பொருத்தமின்மை இருந்து, உணர்திறன் இ ஜீனைவிடக் குறைவாக வந்தது தெரிந்த கதை. அதே மாதிரி ஸ்பைக்கில் 69-70 நீங்கியதால் ஆல்ஃபாவிலும் ஒமிக்ரான் பிஏ.1-இலும் எஸ் ஜீன் சிக்னல் விழுந்தது, பிஏ.2-இல் திரும்பி வந்தது. ஒரு ஜீன் விழுந்தால் வைரஸில் அந்த ஜீனே இல்லை என்று அர்த்தமாகாது. பெங்களூரில் நிம்ஹான்ஸும் என்சிபிஎஸ்-இன்ஸ்டெம்மும் வைரஸ் மரபணு வரிசை பார்க்கும் இந்திய ஆய்வகக் கூட்டமைப்பான இன்சாகாக்கின் முதல் பத்து ஆய்வகங்களில் இருந்தன. இந்த மாதிரி விழுந்த சிக்னலை முழு வரிசையோடு ஒப்பிட அப்படி ஓர் அமைப்பு வேண்டும்.

யெலஹங்கா_சுதா

அப்போ துணை ஆர்என்ஏவை மட்டும் அளந்தால் வைரஸ் இப்போ பெருகுது என்று சொல்லிடலாமா? முன் பிரைமரை லீடரில் வைத்து, பின் பிரைமரை இ ஜீனில் வைத்து?

ஜெயநகர்_மீனாட்சி

வடிவமைப்பு சரி. லீடர் 5' முனையின் முதல் எழுபது சொச்சம் எழுத்து, அது ஏ-சி-ஜி-ஏ-ஏ-சி என்ற இணைப்பு வரிசையில் இ-யோடு ஒட்டும். முழு மரபணுத்தொகுதியில் இந்த இரண்டு பிரைமருக்கும் நடுவே 26,000 எழுத்து இருப்பதால் அது பெருகாது. முடிவைப் படிக்கும்போதுதான் கவனம் வேணும். துணை ஆர்என்ஏ இரட்டைச் சவ்வுப் பைக்குள் பாதுகாப்பாக இருந்து, செல் செத்த பிறகும் கொஞ்ச நாள் நிற்கலாம். இருந்தது என்று சொல்லலாம், இந்த நிமிஷம் ஓடுது என்று சொல்ல முடியாது.

ஹெப்பால்_நந்தினி

செல் வளர்ப்பில் நேரத்துக்கு நேரம் எடுத்துப் பார்த்து ஏறுமுகமாக இருந்தால் சொல்லலாம் மீனாட்சி. ஸ்வாபில் ஒரே ஒரு மாதிரி என்றால் நீங்க சொல்றதுதான்.

நிஜமாகவே நகலாக்கம் பார்க்கணும்னா, நகலெடுக்க அச்சாக உருவாகும் எதிர் இழையை அளக்கணும். நேர் இழையைவிட 50 முதல் 100 மடங்கு குறைவாக இருக்கும், அதனாலேயே ஏமாற்றும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ஆர்டி கட்டத்தில் ஆர்என்ஏ தன்மீதே மடிந்து தானே பிரைமர் ஆகிடும், தப்பான இழையும் படியெடுக்கும். பிரைமரின் முன்னால் வைரஸில் இல்லாத ஒரு டேக் வரிசை வைங்க, பிசிஆரில் அந்த டேகை மட்டும் பிடிங்க. ஆர்டி முடிந்ததும் மிஞ்சிய பிரைமரை எக்சோநியூக்ளியேஸ் 1 போட்டு அழிக்கணும். பிரைமரே போடாத ஆர்டி குழாய் ஒன்று கட்டாயம். அதில் சிக்னல் வந்தால் அன்றைய தட்டு குப்பைக்கு.

அல்சூர்_கதிர்

இ ஜீன் பாக்கி இருக்கு. யாராவது?

புரதப்பித்தன்

75 அமினோ அமிலச் சின்னப் புரதம், ஆனால் விடை ஒன்றல்ல. 2003 சார்ஸில் எடுத்தால் வைரஸ் உயிரோடு, பல மடங்கு குறைவாக வரும். எலி வைரஸிலும் வரும், பிளாக் (வைரஸ் செல்களைக் கொன்ற வட்டம்) பொடிப்பொடியாக. டிஜிஇவி-யிலும் மெர்ஸிலும் ஆர்என்ஏ நகலாகும், துகள் அடுத்த செல்லுக்குப் பரவாது. ஆக உங்கள் மூன்றாவது நண்பர் பேசுவது துகள் உருவாவதைப் பற்றி. நந்தினி சொன்ன இரண்டாவது அளவின் கீழே, வைரஸ் பெயரோடு போடுங்கள். முதல் அளவின் கீழே இ வரவே கூடாது.

அல்சூர்_கதிர்

சரி. 3ஏ, 6, 7ஏ, 7பி, 8 அஞ்சையும் ஒரே வரியில், செல் வளர்ப்பில் வேண்டாம்னு போட்டுடவா?

ஜெயநகர்_மீனாட்சி

போடலாம். 8-க்கு மட்டும் மனிதர்களிடமே ஆதாரம் இருக்கு. 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் 382 எழுத்து நீங்கிய வைரஸ் ஆளுக்கு ஆள் பரவியது, ஓஆர்எஃப்8 பெரும்பகுதி அதில் இல்லை. 2003 சார்ஸிலும் இதே இடத்தில் 29 எழுத்து போனது. 3ஏ-வை மட்டும் மற்ற நாலோடு ஒரே தட்டில் வைக்காதீங்க, அது போனால் வளர்ச்சி கொஞ்சம் இறங்கும். அதைத் தனி வரியாக, "குறையும், நிற்காது" என்று எழுதுங்க.